ஆச்சியின் வியாகுலப் பிரசங்கம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



கிறிஸ்தவ இலக்கியம் என்றதும் நமது வகுப்பறைகளில் இரண்டு நூல்களின் பெயர்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று வீரமாமுனிவரின் தேம்பாவணி, மற்றது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிக்கும் நானும் இவ்விரண்டையும் சொல்லி, ஈழத்தவர் என்ற உரிமையோடு நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரையும் தனிநாயகம் அடிகளாரையும் சேர்த்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது வழக்கம். பாடவேளை 40 நிமிடம்; அதற்குமேல் இடமில்லை. ஆனால், கத்தோலிக்கத் தமிழ் இந்த மண்ணில் 450 ஆண்டுகளுக்கு மேலாக யாருடைய வாயில் உயிரோடிருந்தது என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், மேற்சொன்ன பெயர்கள் எவையும் அதற்கு விடையாகா. அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள விடை குருநகரைச் சேர்ந்த ஒரு ஆச்சி. இன்றைய உரை அவரைப் பற்றியது.

ஆச்சி ஒரு வரியும் எழுதியவரல்லர். எழுத்துக்கூட்டி வாசிப்பார், கையெழுத்து வைப்பார், அவ்வளவுதான். 1923இல் பிறந்தவர். கடற்றொழில் செய்த குடும்பம். பிள்ளைகள் ஏழு பேர். 1974இல் கணவர் காலமான பிறகு, 38 ஆண்டுகள் அந்தக் குடும்பம் அவருடைய சொல்லிலேதான் நடந்தது. அவருடைய பெயரை இங்கே சொல்ல நான் விரும்பவில்லை. ஆளின் பெயரைச் செபத்திலே சொல்ல வேண்டும், சந்தியிலே சொல்லக்கூடாது என்பது ஆச்சியின் கட்சி.

நான் சைவன். ஆச்சியை எனக்குத் தந்தது இடப்பெயர்வு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமும் யாழ்ப்பாண நகரும் ஒரேயடியாகக் கிளம்பி, மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன கதையை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொடிகாமத்தில் என் மாமா வீட்டில் ஐந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தோம். அவற்றுள் ஒன்று ஆச்சியின் குடும்பம். எனக்கு அப்போது 14 வயது.

ஆச்சி கொண்டுவந்த சாமான்களில் மூன்று என் நினைவில் நிற்கின்றன: ஒரு செபமாலை, கை ஒடிந்த ஒரு சூசையப்பர் சுருவம், பழைய சேலைத் துண்டினால் சுற்றிய ஒரு புத்தகம். நகை எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "அது பிள்ளையளின்ரை பொறுப்பு. இது என்ரை பொறுப்பு" என்றார்.

மாமா வீடு ஆசாரமான சைவ வீடு. முதல் இரண்டு வாரம் கிணற்றடியில் ஒரு சங்கடம் இருந்தது. அது என்ன சங்கடம் என்பது யாழ்ப்பாணத்தவருக்குத் தெரியும், மழுப்புவதில் பயனில்லை. ஆச்சி வாய் திறக்கவில்லை. தன் குடத்தைக் கிணற்றுக் கட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, யாராவது ஊற்றும்வரை செபமாலை உருட்டிக்கொண்டு நிற்பார். ஒருநாள் விடியற்காலை மாமி தானே துலாக்கயிற்றை அவருடைய கையிலே கொடுத்து, "நெடுக நிக்காதேங்கோ ஆச்சி, கால் உளையும்" என்றார். ஆச்சி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அள்ளிய முதல் குடத்தை எங்கள் அடுப்படியிலே கொண்டுபோய் வைத்தார்.

அந்தியில் மாமி சாமியறையில் விளக்கேற்றித் தேவாரம் பாடி முடியும்வரை ஆச்சி தன் ஆட்களை அமர்த்தி வைத்திருப்பார். பிறகுதான் பின் விறாந்தையில் செபமாலை தொடங்கும். வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கருக்கு இறைச்சி விலக்கு, மீனுக்கு விலக்கில்லை. கடற்கரைக் குடும்பத்துக்கு வெள்ளிக்கிழமை என்றால் மீன்தானே? ஆனால் அந்த ஆறு மாதமும் ஆச்சியின் அடுப்பில் வெள்ளிக்கிழமை மீன் ஏறவில்லை. "எங்களுக்கு இறைச்சி ஆகாது, உங்களுக்கு மச்சமே ஆகாது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மரக்கறிதான் பிள்ளை மிஞ்சுது" என்று மாமிக்குக் கணக்குச் சொன்னார்.

இனி அவருடைய தமிழுக்கு வருகிறேன்.

ஆச்சியின் செபத்தில் இறைவன் என்ற சொல் இல்லை, சர்வேசுரன் உண்டு. தூய ஆவி இல்லை, இஸ்பிரீத்துசாந்து. திருப்பலி அல்ல, பூசை. நற்கருணை அல்ல, நன்மை. வானதூதர் அவருக்குச் சம்மனசு. புனிதர் எல்லோரும் அர்ச்சியசிஷ்டர்கள். அருள் நிறைந்த மரியாளை வாழ்த்தும் செபத்தை அவர் பிரியதத்தம் என்பார். சமஸ்கிருதமும் போர்த்துக்கேயமும் இலத்தீனும் நமது கடற்கரைத் தமிழோடு கலந்து உறைந்த மொழி அது. இரண்டாவது வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களின் நடுப்பகுதியிலிருந்து, பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது. செபங்களின் தமிழும் படிப்படியாகத் தனித்தமிழ்ப் பக்கம் திரும்பியது. விளங்கும் மொழியில் வழிபடுவது நல்லதே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழைய சொற்களை வெறும் வடமொழிக் கலப்பு என்று தள்ளிவிடும் தமிழாசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள் கண்டு அவரைச் சின்னப்பர் ஆக்கியதும், யோவான் என்ற எபிரேயப் பெயருக்குள் இருந்த அருளைக் கண்டு அருளப்பர் ஆக்கியதும் இதே பழைய தமிழ்தான். சின்னப்பு, அருளப்பு என்று நமது கரையோர ஊர்களில் எத்தனை பேர் அந்த மொழிபெயர்ப்பைச் சுமந்து திரிந்தார்கள்!

புதிய செபப் புத்தகங்கள் வந்தபோது ஆச்சி பிள்ளைகளைப் புதிய முறையில் சொல்ல விட்டுவிட்டு, தான் பழையதையே சொன்னார். ஒரே செபம் ஒரே நேரத்தில் இரண்டு தமிழில் நடக்கும். "சர்வேசுரனுக்கு இரண்டும் விளங்கும்" என்பது அவருடைய சமாதானம்.

செபமாலை முடிந்த பிறகு வரும் மன்றாட்டுத்தான் ஆச்சியின் அரசாட்சி. குடும்பத்தில் ஒவ்வொருவருடைய ஞானஸ்நானப் பெயரையும் வயது ஒழுங்கில் சொல்லுவார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிரியதத்தம். மக்கள், மருமக்கள், பேரர், ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் போனவர்கள் என்று அந்த வரிசை நாற்பதைத் தாண்டும். நித்திரை தூங்கும் சின்னப் பிள்ளைகளும் தங்கள் பெயர் வரும்போது கண்ணைத் திறப்பார்கள். வள்ளத்துக்கு வாங்கிய எஞ்சின் விடயமாக இரண்டு ஆண்மக்கள் முகம் பார்க்காமல் இருந்த காலத்தில், ஆச்சி அவர்கள் இருவரின் பெயரையும் ஒன்றாய்ச் சொல்லி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு பிரியதத்தம்தான் சொல்லுவாராம். தங்களுக்குரிய பங்கு பாதியாகிப் போனதை இருவரும் ஒவ்வொரு நாளும் காதால் கேட்க வேண்டும். ஏழு மாதத்தில் கதைக்கத் தொடங்கினார்கள் என்று மூத்த மருமகள் எனக்குச் சொன்னார்.

ஆச்சியை எல்லாவற்றுக்கும் இளகுகின்ற மனுஷி என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. கண்டிப்பு மிக்கவர். தபசுகாலத்தில் வீட்டில் சிரித்துக் கதைத்தாலும் ஏச்சு விழும். தன் விருப்பத்துக்கு மாறாகக் கலியாணம் செய்த ஒரு மகளோடு நான்கு ஆண்டு அவர் கதைக்கவில்லை. அது அதிகம் என்றே நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த நான்கு ஆண்டும் மகளின் பெயர் வரிசையில் தன் இடத்தை விட்டு அசையவில்லை. 2003இல் ஒரு பேத்தி சைவப் பையனை விரும்பினாள். முதலில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று வீட்டார் நின்றார்கள். ஆச்சிதான் மறித்தார். "மனம் வராமல் தலையிலை தண்ணி ஊத்தினால் அது குளிப்பு" என்றார். மேற்றிராணியாரின் அனுமதியோடு கலியாணம் நடந்தது. பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் என்பதில் மட்டும் ஆச்சி ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை.

கொடிகாமத்தில் ஒருநாள் அந்தி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, உன்ரை பேரையும் சொல்லட்டோ? உங்கட சாமி கோவிக்குமோ?" மாமி உள்ளேயிருந்து, "சொல்லுங்கோ ஆச்சி, ஒரு ஆள் கூடக் கேட்டால் நல்லதுதானே" என்றார். அன்று முதல் நாங்கள் எல்லோரும் அந்த வரிசையின் கடைசியில் ஏறினோம்.

1996ஆம் ஆண்டின் தபசுகாலம் அந்த விறாந்தையிலேதான் வந்தது. சேலைத் துண்டு அவிழ்ந்தது. உள்ளே இருந்தது வியாகுலப் பிரசங்கம்.

இவ்விடத்தில் இந்நூலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்தார்கள். குருமார் இல்லை, பூசை இல்லை. 1687இல் யோசேவாஸ் அடிகளார் கோவையிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, வீடு வீடாக அந்த விசுவாசத்தைத் தேடிப் பிடித்தார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே. அவருக்குப் பின் 1705இல் அதே கோவையிலிருந்து வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள். கொங்கணி நாட்டவர். இங்கே வந்து தமிழும் சிங்களமும் கற்று இரு மொழியிலும் நூல்கள் செய்து, 1742இல் இந்த மண்ணிலேயே மறைந்தார். அவர் ஆக்கியதே வியாகுலப் பிரசங்கம். இயேசுநாதரின் பாடுகளையும் மாதாவின் துயரத்தையும் சொல்லும் உரைநடை. ஆனால் உரைநடையாக வாசிப்பதற்கன்று. இழுத்து, விம்மி, ஒப்பாரி இராகத்தில் சொல்லப்படுவது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மேற்குக் கரையோரத் தமிழ்க் கிராமங்களிலும் தபசுகாலத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. ஆறுமுக நாவலர் பிறப்பதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட ஒருவர், இந்த நாட்டிலே எழுதிய தமிழ் உரைநடை இது என்பது நமது உரைநடை வரலாற்றில் இன்னும் அழுத்திச் சொல்லப்பட வேண்டிய செய்தி. செய்யுள் மரபு அதற்கும் முந்தியது. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் கிளாலி யாகப்பரைப் பாடிய சந்தியோகுமையோர் அம்மானை 1647ஆம் ஆண்டுக்குரியது. நிற்க.

அந்த ஆண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 5ஆம் திகதி. மாலை மூன்று மணி. வளவுக்குள் பனைகளின் கீழே பாய் விரித்து, அக்கம்பக்கத்து வீடுகளில் தங்கியிருந்த குருநகர், பாசையூர் சனங்களும் வந்து கூடினார்கள். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது, அச்சு தெரியாது. அதனால் என்ன, முழுவதும் மனப்பாடம். ஆனாலும் புத்தகம் விரித்திருக்க வேண்டும் என்பது முறை. "எழுத்துத் தெரிஞ்ச பிள்ளை, நீ பிடி" என்று என்னிடம் தந்தார். நான் விரலை வரியில் வைத்துக்கொண்டு அவருடைய குரலோடு கூடவே போனேன்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? செத்தவீட்டில் நமது பெண்கள் எடுக்கும் ஒப்பாரியை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே இராகம், ஆனால் இங்கே செத்தவர் வேறு, வீடு வேறு. சொல்லோ செந்தமிழும் வடமொழியும் பின்னிய பெருஞ்சொல். அதை ஆச்சி தம் வாயிலே போட்டுக் கடற்கரைத் தமிழாக்கி விடுவார்.

மாதா தன் மகனை மடியில் வாங்குகிற இடம் வந்தது. என் விரல் வரியில் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஆச்சியின் குரல் அச்சிலே இல்லாத இடத்துக்குப் போயிற்று. "கடல் வாங்கினதைக் கடல் தராதோ, கரையிலை நிண்டு கால் மரத்துப் போச்சுதே" என்றது. விரலை நிறுத்தினேன். பக்கத்தைப் புரட்டினேன். எருசலேமில் கடல் ஏது? சுற்றியிருந்த பெண்கள் ஒருவரும் திடுக்கிடவில்லை. அந்த இடத்தில் அப்படித்தான் வரும் என்பது போல முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு மூச்சு நேரத்தில் ஆச்சி அச்சுக்குத் திரும்பிவிட்டார்.

பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். 1991இல் ஒருநாள் இரவு தொழிலுக்குப் போன இரண்டாவது மகன் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் வந்து கரை ஒதுங்கியது. என்ன நடந்தது என்று அறிய வழியில்லாத காலம் அது.

அதன்பின் மன்றாட்டு வரிசையை நான் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். இரண்டாவது மகனின் பெயர் மூத்தவனுக்கும் மூன்றாவது மகளுக்கும் நடுவே, குரல் மாறாமல், உயிரோடிருப்பவர்களின் வரிசையில் வந்தது. இறந்தோருக்குத் தனி வரிசை உண்டு; உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் இளைப்பாற்றிக்காக அது கடைசியில் வரும். அதில் அவன் இல்லை. நவம்பர் 2ஆம் திகதி, சகல ஆத்துமாக்களின் திருநாளுக்குக் கோயிலில் வாசிக்கக் கொடுக்கும் பெயர்களிலும் அவன் இல்லை. மனைவி வெள்ளைச் சேலை உடுக்க வேண்டுமா இல்லையா என்பது முதற்கொண்டு குடும்பத்தில் எத்தனையோ கேள்விகள் அந்த ஒரு பெயரில் தொங்கிக்கொண்டிருந்தன. சுவாமியார் ஒருவரும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாராம். ஆச்சி கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பாசையூர் அந்தோனியாரிடம் போய்வந்தார். காணாமற்போனதைத் தேடித் தருபவர் அந்தோனியார் அல்லவா?

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு வந்து, சனங்கள் வலிகாமத்துக்கும் நகருக்கும் திரும்பினார்கள். ஆச்சியும் குருநகருக்குத் திரும்பினார். 1993 நவம்பரில் குண்டுவீச்சுக்கு இலக்கான யாகப்பர் கோயிலுக்குப் பக்கத்திலேதான் வீடு. நான் சைக்கிளில் அடிக்கடி போய்வருவேன். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தபோதுதான் கொன்சால்வெஸ் சுவாமிகளின் பெயரை முதலில் அறிந்தேன். பெரிய கண்டுபிடிப்போடு ஓடிப்போய், இதை எழுதியவர் தமிழரே அல்லர், கோவைக்காரர் என்று சொன்னேன். ஆச்சி இறால் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஆர் எழுதினால் என்ன தம்பி, அழுதது மாதாதானே" என்றார்.

2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுருவத்தை யுத்தம் நெருங்கியதால் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள் என்ற செய்தி வந்த அன்று ஆச்சி சாப்பிடவில்லை. "மாதாவும் இடம்பெயர்ந்திட்டா. கூட ஆர் போனதோ தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஓகஸ்டில் சுருவம் மடுவுக்குத் திரும்பியது. 2009இல் யுத்தம் முடிந்தது. பாதை திறந்த பின், 2010 ஆவணித் திருநாளுக்கு 87 வயதில் பேரப்பிள்ளைகள் தாங்கிப் பிடிக்க ஆச்சி மடுவுக்குப் போய்வந்தார். அங்கே என்ன மன்றாடினார் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆனால், திரும்பி வருகிற வழியில் பேருந்துக்குள் ஒரு தாய் தன் மகனின் படத்தை மார்பில் பிடித்துக்கொண்டு ஏறி, ஒவ்வொருவரிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாராம். ஆச்சி அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் மடியில் வைத்திருந்தார் என்று பேத்தி சொன்னாள்.

அந்த ஒக்டோபர் கடைசியில் எனக்கு ஆள் அனுப்பினார். சகல ஆத்துமாக்களின் திருநாளுக்குப் பெயர் எழுத வேண்டும். என் எழுத்து சுவாமியாருக்கு விளங்குமாம். கொப்பித் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன். தகப்பன், தாய், கணவர், கொள்ளையில் போன ஒரு தங்கை, சின்னதிலேயே செத்த ஒரு குழந்தை. முடிந்ததென்று நினைத்துப் பேனையை மூடினேன்.

ஆச்சி இரண்டாவது மகனின் பெயரைச் சொன்னார்.

வயது ஒழுங்குப்படி அது குழந்தைக்கு மேலே வர வேண்டும். அங்கே இடம் விட்டு எழுதப் போனேன். ஆச்சி தாளில் கை வைத்தார்.

"மேலை எழுதாதை தம்பி. கடைசியிலை எழுது. அவன் இப்பதானே வந்தவன்."

எழுதினேன். மூத்த மருமகள் கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தவர் உள்ளே போய்விட்டார். ஆச்சி தேத்தண்ணீர் வைக்கச் சொன்னார். நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது நானும் போய் நின்றேன். அன்று இரவு மன்றாட்டில் மூத்தவனுக்கு அடுத்ததாக மூன்றாவது மகளின் பெயர் வந்தது.

2011ஆம் ஆண்டுத் தபசுகாலத்தில் ஆச்சி கதிரையில் இருந்தபடியே பிரசங்கம் சொன்னார். மடியில் வாங்குகிற இடத்தில் கடல் வரவில்லை. அச்சில் உள்ளபடியே போயிற்று. சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி அந்த வரிக்காக வாயெடுத்துவிட்டு நிறுத்தியதையும் கண்டேன். அடுத்த ஆண்டு மார்ச் மாதம், தபசுகாலத்தின் நடுவிலே, ஆச்சி காலமானார். அவஸ்தைபூசுதல் பெற்று, நன்மை வாங்கி, ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். செத்தவீட்டில் வியாகுலப் பிரசங்கத்தைப் புத்தகம் பார்த்து வாசித்தவள் அந்தச் சைவப் பையனை மணந்த பேத்தி. அவளிடந்தான் இப்போது அந்தப் புத்தகம் இருக்கிறது.

1998இல் நான் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போய் ஆச்சியின் குரலைப் பதிந்தேன். காகங்களின் சத்தமும் ஒரு சைக்கிள் மணியும் அதில் உண்டு. ஒலிநாடா 60 நிமிடந்தான். பிரசங்கத்தின் முற்பாதியோடு முடிந்துவிடுகிறது. பிற்பாதியைப் பதிந்து வைத்தவர்கள் குருநகரிலோ பாசையூரிலோ வேறெங்கேனுமோ இருக்கக்கூடும். பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்து, கிடைத்தால் இந்நிகழ்ச்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நானே நேரில் வந்து பிரதி எடுத்துக்கொள்கிறேன்.